வாசகர் கேள்வி–பதில்: தோட்டா நின்றுபோன ரைஃபிள்கள்

அரிய சிறுகுழல் ரைஃபிள்களை (.22 அங்குலம் போன்ற சிறிய துவாரம் கொண்டவை) தேடிச் சேகரிப்பது, அவற்றைக் கொண்டு இலக்கைச் சுடுவது ஆகியவை பற்றி இந்த மாதம் வந்த ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்கள் என்பதால், உரிமம் பெறுவதும் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும் அவரவர் நாட்டுச் சட்டப்படி நடக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊர் மாறிப் போகும்போது தம்முடைய ரெமிங்டன் 592 ரைஃபிளை எனக்கு விற்றார். குழலில் "5 எம்.எம். ரெம். மேக்னம்" என்று பொறித்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையிலும் இதற்குத் தோட்டா இல்லை. இதைச் சாதாரண .22 ஆக மாற்றிக்கொள்ளலாமா, ஐயா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் கைக்கு வந்திருப்பது, ரெமிங்டன் நிறுவனம் சில ஆண்டுகள் மட்டுமே செய்து, ஏறத்தாழ 50,000 விற்ற நிலையில் கைவிட்ட ஒரு துணிச்சலான முயற்சியின் மிச்சம். அது ஏன் கைவிடப்பட்டது என்பது புரிந்தால், இந்த வகை ரைஃபிள்களைச் சேகரிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய ரைஃபிள்களின் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு கேப் (அடித்தால் பற்றும் மருந்து வைத்த மூடி) பதித்திருப்பார்கள். சுட்ட பிறகு அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால், அதே பித்தளைக் கூடு மறுபடியும் பயன்படும். உங்கள் ரைஃபிளுக்குரியது போன்ற ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும்) தோட்டாவில் தனியாகக் கேப் கிடையாது. கூட்டின் அடியில் பிதுங்கி நிற்கும் விளிம்பு உட்புறம் வெற்றிடமாக இருக்கும்; அடித்தால் பற்றும் மருந்தை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி, அந்த விளிம்புக்குள் ஓடிப் படியச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றுகிறது. நசுங்கிய விளிம்பை யாராலும் வீட்டில் நிமிர்த்தி மறுபடியும் மருந்திட முடியாது. எனவே ஆலை ஒரு ரிம்ஃபயர் தோட்டாவைச் செய்வதை நிறுத்தினால், அதற்கென்று செய்த அத்தனை ரைஃபிள்களும் ஊமையாகிவிடுகின்றன.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஊசி அடித்தால் நசுங்கும் அளவுக்கு விளிம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும் என்பதால், கூட்டுக்குள் எழும் அழுத்தத்தை இஷ்டம்போல் கூட்ட முடியாது. சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு என்பதே உச்சம். ரெமிங்டனின் 5 எம்.எம். தோட்டா 33,000 பவுண்டு வரை போனது. போத்தலைப் போலக் கழுத்துக் குறுகிய கூடு, 38 கிரெயின் (சுமார் இரண்டரை கிராம்) எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,100 அடி வேகம் என்று அன்றைய ரிம்ஃபயர் தோட்டாக்களில் இதற்கு நிகர் இல்லை. 1967இல் அறிவித்தார்கள், ரைஃபிள்கள் பரவலாகக் கடைக்கு வர 1970 ஆகிவிட்டது, 1974இல் ரைஃபிளும், 1980-களின் தொடக்கத்தில் தோட்டாவும் நின்றுபோயின. 1959 முதல் வின்செஸ்டரின் .22 மேக்னம் சந்தையைப் பிடித்து வைத்திருந்தது ஒரு காரணம். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் ரைஃபிள்களைச் செய்ய மற்ற நிறுவனங்கள் அநேகமாக முன்வராதது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஒரே நிறுவனத்தின் தோளில் நிற்கும் தோட்டா, அந்த நிறுவனம் சலித்துப்போகும் நாள் வரைதான் உயிரோடு இருக்கும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. மெக்சிகோவின் அகிலா ஆலை 2008 வாக்கில் இந்தத் தோட்டாவை மறுபடியும் செய்து கொடுத்தது. அந்தப் பெட்டிகளும் பழைய ரெமிங்டன் பெட்டிகளும் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் அவ்வப்போது வருகின்றன. கிடைக்கும்போது இரண்டு பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுக்குச் சில முறை சுடுங்கள். .22 லாங் ரைஃபிள் தோட்டாவை மட்டும் "போகிறதா பார்ப்போம்" என்று இதற்குள் இடாதீர்கள். கூடு இந்த ரைஃபிளின் தோட்டா அறைக்குள் தளர்ந்து கிடக்கும். குண்டோ இந்தக் குழலின் துவாரத்தைவிடப் பெரியது. இரண்டும் சேர்ந்தால் கூடு பிளந்து சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். குழலை மாற்றலாம் என்றால், போல்ட்டின் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையின்) முகமும் வேறு அளவில் இருப்பதால் அதையும் மாற்றியாக வேண்டும். அந்தச் செலவில் இரண்டு நல்ல .22 ரைஃபிள்கள் வாங்கிவிடலாம். குழலின் பக்கவாட்டில் சிறிய எழுத்துகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். "பிளாக் பவுடர்" என்ற சொற்களின் ஆங்கில எழுத்துகள் 11, அவற்றோடு எக்ஸ் சேர்த்தால் 12. அவைதான் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ரெமிங்டனின் மாதக் குறிகள். உங்கள் ரைஃபிள் எந்த மாதத்தில் பிறந்தது என்று அதிலிருந்தே அறியலாம்.

கேள்வி: ஓர் அமெரிக்கர் பத்து நாளில் 72,500 மரக்கட்டைகளை வானத்தில் எறியச் செய்து சுட்டார் என்று படித்தேன். இது நம்பக்கூடியதா?
— வாசகி, சென்னை

பதில்: நம்பலாம். 1907 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஆட் டாப்பர்வைன் என்பவர் செய்த சாதனை அது. இரண்டேகால் அங்குலச் சதுர மரக்கட்டைகள் 72,500, தவறியவை 9. எனக்கு அந்த எண்ணிக்கையைவிடச் சுவையாகத் தோன்றுவது அவர் கையில் இருந்த வின்செஸ்டர் மாடல் 1903 ரைஃபிள்தான். ஒவ்வொரு முறையும் தானே கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. அன்று விற்ற .22 தோட்டாக்களில் பல, புகை கக்கும் கருமருந்து நிரப்பியவை. அந்தக் கரி இப்படிப்பட்ட இயந்திரத்தைச் சில பத்துத் தோட்டாக்களிலேயே அடைத்துவிடும். ஆகவே கருமருந்துத் தோட்டா எதுவும் உள்ளே போக முடியாதபடி, புகையில்லா மருந்து நிரப்பிய தனித் தோட்டா ஒன்றை வின்செஸ்டர் நிறுவனம் இதற்கென்றே செய்தது. அதன் பெயர் .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக். பின்னாளில் கருமருந்து மறைந்ததும் அந்தத் தடைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. 1933இல் இதே ரைஃபிளின் வாரிசாக வந்த மாடல் 63 சாதாரண லாங் ரைஃபிள் தோட்டாவையே ஏற்றது. 1903 மாடல் இன்றும் அழகாக, எண்ணெய் மணத்தோடு ஏலத்துக்கு வருகிறது. சுடத்தான் தோட்டா எளிதில் கிடைப்பதில்லை. வாங்குமுன் தோட்டாவைத் தேடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

டாப்பர்வைனின் எண்ணிக்கையை 1959இல் ரெமிங்டனின் டாம் ஃபிரை தாண்டினார்: கட்டைகள் 1,00,010, தவறியவை 6. அவர் பயன்படுத்திய நைலான் 66 ரைஃபிளின் பிடிக்கட்டையும் உடலும் மரமோ எஃகோ அல்ல, டூபான் நிறுவனத்தின் நைலான். அது வழக்கத்துக்கு மாறானதுதான், ஆனால் பத்து லட்சத்துக்குமேல் செய்யப்பட்டதால் அரியது அல்ல.

கேள்வி: .22 ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. அவற்றில் "அரியது" என்று எதைச் சொல்வது? என்னிடம் இருப்பது ஒரு கூயி. அதற்கு மதிப்பு உண்டா?
— வாசகர், டொரண்டோ

பதில்: கூயி ரைஃபிள்கள் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்திலேயே, முதலில் டொரண்டோவிலும் பிறகு கோபர்க் நகரிலும் செய்யப்பட்டவை. கனடாவின் பண்ணை வீடுகளில் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த துப்பாக்கி அநேகமாக அதுதான். விலை மதிப்பு பெரிதாக இராது. ஆனாலும் நீங்கள் வாழும் ஊரில் பிறந்த பொருள் என்ற முறையில் அதைச் சுத்தமாக வைத்திருங்கள்.

அருமை என்பதை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. இந்தத் துறையின் தொடக்கத்தைப் பார்த்தால் அது தெரியும். பாரிஸ் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் லூயி-நிக்கோலா ஃபுளோபேர் 1845இல் ஒரு கேப்பை எடுத்து, விளிம்பை மடித்து, அதன் வாயில் ஒரு சிறு ஈயக் குண்டை வைத்தார். மருந்து தனியாக இல்லை. கேப்பின் வெடிப்பே குண்டைத் தள்ளியது. வீட்டுக் கூடத்தில் விருந்தினர்கள் பொழுதுபோக்காகச் சுடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. 1857இல் ஸ்மித் அண்டு வெசன் அதை நீட்டி, மருந்தும் இட்டு, தங்கள் முதல் ரிவால்வருக்காக .22 ஷார்ட் தோட்டாவைச் செய்தார்கள். அந்தத் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. மருந்தும் குண்டும் ஒரே கூட்டில் அடங்கிய, அமெரிக்காவில் பிறந்த உலோகத் தோட்டாக்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் வேறு எதற்கும் வாய்க்கவில்லை. 1860இன் ஹென்றி ரைஃபிள்கூட .44 அளவு ரிம்ஃபயர்தான். பெரிய அளவுகளில் நடுவில் கேப் வைத்த தோட்டா வென்றுவிட, .25, .32 ஆகிய ரிம்ஃபயர்களும் காலப்போக்கில் ஒடுங்கிப்போக, .22 மட்டும் தழைத்தது. ஆகவே ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1900இல் கொண்டுவந்த .25 ரிம்ஃபயருக்கான "ஃபேவரிட்" மாடல் ரைஃபிள் ஒன்று, அதே மாதிரியின் .22 வடிவத்தைவிடத் தேடத் தகுந்தது. வெளியே இரண்டும் ஒன்றுதான். வேறுபாடு குழலின் பொறிப்பில் இருக்கிறது.

இரண்டாவது வகை, சிறுவர்களுக்காக மலிவாகச் செய்து, யாரும் பத்திரப்படுத்தாமல் போனவை. மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் செய்த ஹாமில்டன் ரைஃபிள்களில் பலவற்றின் குழல், பித்தளை உள்குழாய் ஒன்றின்மேல் தகட்டைச் சுற்றியது. பண்டங்களை விற்றுக் கொடுத்த சிறுவர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மழையிலும் மண்ணிலும் கிடந்து அழிந்தன. மிஞ்சியவற்றைச் சுவரில் மாட்டிப் பாருங்கள். நூறு வயதுத் தகட்டுக் குழலை இன்றைய வேகத் தோட்டாவால் சோதிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். நியூயார்க் மாநிலத்தின் ஹெர்கிமர் ஊரில் குவாக்கன்புஷ் செய்த சேஃப்டி ரைஃபிளும் இந்தக் காலத்துடையது. அதே குவாக்கன்புஷ் கொட்டை உடைக்கும் இடுக்கிகளையும் செய்தார். அவற்றைத் தனியே சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய மலிவு ரைஃபிள்களில் வரிசை எண் இல்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிக்கும் எண் இட வேண்டும் என்ற கட்டாயம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதற்கு முந்திய சிறுகுழல் ரைஃபிள்களில் எண் இல்லாதது இயல்பு. எண் இருந்து, அதை யாரோ அரம் போட்டு அழித்திருந்தால் மட்டும் கையால்கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய பொருள் விற்பவரிடம் ஒரு வின்செஸ்டர் பார்த்தேன். விசையே இல்லை. உடைந்துபோனதா?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: உடைந்ததில்லை. வின்செஸ்டர் நிறுவனம் 1904 முதல் 1923 வரை செய்த "தம் டிரிகர்" ரைஃபிள் அது. மாடல் 99 என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலால் இழுக்கும் விசைக்குப் பதிலாக, போல்ட்டின் பின்னால் கட்டைவிரலால் கீழே அழுத்தும் ஒரு பொத்தான் இருக்கும். விசையும் அதன் காப்பு வளையமும் இல்லாததால் விலை குறைந்தது. கட்டைவிரல் அழுத்தத்தில் ரைஃபிள் பக்கவாட்டில் நகராது என்றும் சொன்னார்கள். பழகாத கைக்கு அது அப்படி இருப்பதில்லை. முதல் இருபது தோட்டா மேலும் கீழும் போகும், பிறகு கை கற்றுக்கொள்ளும். இதற்கு வரிசை எண் கிடையாது. குழலில் லாங் ரைஃபிள் என்று பொறித்திராவிட்டால் அந்தத் தோட்டாவை இட வேண்டாம், ஷார்ட் போதும். ஒற்றைத் தோட்டா போல்ட் ரைஃபிள் என்பதால் உங்கள் நாட்டின் ஏ பிரிவு உரிமத்துக்குள் வரும். போல்ட்டை ஏற்றிவிட்டு, சுடாமல் மெல்ல இறக்க முயலும்போது கட்டைவிரல் வழுக்கினால் வெடித்துவிடும் என்பதால், தோட்டா உள்ளே இருக்கையில் அந்த முயற்சியே வேண்டாம்.

கேள்வி: 1980-களில் கல்லூரியில் என்.சி.சி. மாணவனாக இருந்தபோது பாயிண்ட் டூ டூ ரைஃபிளால் சுட்டோம். பார்ப்பதற்கு .303 போலவே கனமாக இருந்தது. அது என்ன ரைஃபிள், சார்? அதுபோல ஒன்றை இப்போது வாங்க முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு .303 போலத் தோன்றியதில் தவறில்லை, அது .303தான். நம்பர் 2 மார்க் 4 என்று பெயரிட்ட அந்தப் பயிற்சி ரைஃபிள், லீ என்ஃபீல்டின் உடலில் .22 குழலை அமைத்து, நடுவில் அடிக்கும் ஊசி விளிம்பில் அடிக்கும்படி போல்ட்டின் தலையை மாற்றிச் செய்தது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால்தான் இட வேண்டும். கீழே தொங்கும் மேகசின் பெட்டி எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். உள்ளிருந்த சுருள்வில்லை எடுத்துவிட்டு, சுட்ட கூடுகள் விழுந்து சேரும் தொட்டியாக அதை வைத்துக்கொண்டார்கள். எண்ணிக் கொடுத்த தோட்டாவுக்கு எண்ணிக் கூடு திருப்பித் தர வேண்டிய பயிற்சித் திடலில் இது எவ்வளவு உதவி என்பது உங்களுக்கே தெரியும். போர்க்களத்து ரைஃபிளின் எடை, விசை, குறி எல்லாம் அப்படியே இருக்க, தோட்டாச் செலவும் உதைப்பும் மட்டும் குறைந்தன. பிறகு வந்த மாணவர்கள் பலர் இதைவிட இலேசான டீலக்ஸ் ரைஃபிளைப் பிடித்திருப்பார்கள். என் தோளில் முதலில் பதிந்தது அந்தக் கனமான ரைஃபிள்தான். பித்தளைத் தகடு பொருத்திய அதன் அடிக்கட்டையின் குளிர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வாங்குவது வேறு விஷயம். என்.சி.சி. ரைஃபிள் அரசின் சொத்து, சந்தைக்கு வராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்குமேல் வைத்திருக்க இயலாது. முன்பு மூன்று இருந்தது. எனவே மேலை நாடுகளைப் போல முப்பது ரைஃபிள்களை அடுக்கி வைக்கும் சேகரிப்பு இங்கே இல்லை. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கழகத்தின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் இந்த வரம்பிலிருந்து விலக்குத் தருகிறது. சட்டத்தின் வரிகளில் .22 என்ற அளவையே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்பது இந்தச் சிறிய தோட்டாவுக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைக்கிறேன். ஆகவே உங்கள் ஊரின் ரைஃபிள் கழகத்தில் சேருவதுதான் முதல் படி.

1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகள் தனியாருக்கு இறக்குமதியாவது அநேகமாக நின்றுவிட்டது. இலக்குச் சுடும் வீரர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. அதனால் அதற்குமுன் வந்த பி.எஸ்.ஏ., பிர்னோ ரைஃபிள்கள் இன்று குடும்பங்களுக்குள்ளேயே கைமாறுகின்றன. தாத்தாவின் ரைஃபிள் வீட்டில் இருந்தால், அவர் காலமானதும் அதைப் பரணில் வைத்து மறந்துவிடாமல் முறைப்படி ஒப்படைத்துவிட்டு, வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய ரசீதையும் உரிமப் புத்தகத்தையும் எறியாதீர்கள். கட்டை கீறியிருக்கிறது என்று மழமழவென்று இழைத்துப் பாலிஷ் போடவும் வேண்டாம். அந்தக் கீறல்களோடுதான் அது மதிப்புப் பெறுகிறது.

கேள்வி: இங்கே குளிர்காலம் முழுவதும் தொலைக்காட்சியில் பயத்லான்தான். பனிச்சறுக்கு வீரர்கள் தோளில் சுமக்கும் ரைஃபிளும் ரிம்ஃபயர்தானா? விரல் நுனியால் இப்படி வேகமாக ஏற்றுகிறார்களே, எப்படி?
— வாசகி, ஒஸ்லோ

பதில்: ஆம். 1978 முதல் அந்தப் போட்டி .22 லாங் ரைஃபிளுக்கு மாறிவிட்டது. அதற்குமுன் பெரிய ராணுவத் தோட்டாக்களால் சுட்டார்கள். தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது 45 மி.மீ., நின்று சுடும்போது 115 மி.மீ. வட்டம். சாதாரண போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். நான்கு அசைவு, அதற்குள் கன்னம் கட்டையை விட்டு விலகிவிடும். ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த ஃபோர்ட்னர் அமைப்பில், ஆள்காட்டி விரலால் நேராக இழுத்துக் கட்டைவிரலால் நேராகத் தள்ளினால் போதும். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையின் பயத்லான் ரைஃபிள்களோ முழங்கால் மடங்குவதுபோல மடங்கும் ஒரு மூட்டைக் கொண்டவை. சேகரிப்பாளர்கள் இரண்டாவதைத்தான் மிகவும் தேடுகிறார்கள். இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் அந்த மூட்டின் எளிமை மனத்தைக் கவரும். பயன்படுத்தியதை வாங்குவதானால், பனியும் வியர்வையும் பட்ட ரைஃபிள் என்பதால் குழலின் வாயையும் கட்டைக்கு அடியில் மறைந்த பகுதியையும் துருவுக்காகப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் பி.எஸ்.ஏ. மார்ட்டினி ரைஃபிளை எனக்குக் கொடுக்க விரும்புகிறார். முதல் உலகப் போருக்கு முந்திய மாடல் 12 என்கிறார். இதைச் சுடலாமா, அல்லது பத்திரமாக வைத்துக்கொள்வதா? எந்தத் தோட்டா நல்லது?
— வாசகர், லண்டன்

பதில்: சுடுங்கள். .22 லாங் ரைஃபிள் தோட்டா இன்றும் எங்கும் கிடைக்கிறது என்பதால், மேலே சொன்ன ஊமை ரைஃபிள்களின் சோகம் உங்கள் மார்ட்டினிக்கு இல்லை. அது சுடுவதற்கென்றே பிறந்தது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரின் முதல் மாதங்களில், பண்ணைகளில் வளர்ந்த போயர்கள் துல்லியமாகச் சுடுவதைக் கண்டு பிரிட்டனுக்கு ஏற்பட்ட அதிர்ச்சியிலிருந்து இந்த ரைஃபிளின் கதை தொடங்குகிறது. உழைக்கும் மக்களும் சுடக் கற்க வேண்டும் என்று 1901இல் ஒரு சங்கம் தோன்றியது. படைத் தளபதி ராபர்ட்ஸ் பிரபு அதைத் தூக்கி நிறுத்தினார். பெரிய திடல் தேவைப்படாமல், ஆலைக் கூடத்திலும் தேவாலய மண்டபத்திலும் 25 கெஜத்தில் சுட .22 போதும் என்று கண்டுகொண்டார்கள். உங்கள் கழகமும் இன்று 25 கெஜத்தில் சுடுகிறது என்றால் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். இந்தக் கழகங்களுக்காகப் பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. ஆலை, ராணுவத்தின் மார்ட்டினி–ஹென்றி அமைப்பைச் சிறிதாக்கி எடுத்துக்கொண்டது. அந்த அமைப்பின் மூல வடிவத்துக்குப் பாஸ்டன் நகரத்து ஹென்றி பீபாடி 1862இல் காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்தில் மார்ட்டினி அதைத் திருத்தினார். நெம்புகோலைக் கீழே தள்ளினால், பின்புறம் கீல் கொண்ட எஃகுக் கட்டையின் முன்பகுதி தாழ்ந்து, மேலே ஒரு சிறு வாய்க்கால் தெரியும். தோட்டாவை அதில் வைத்து விரலால் தள்ளினால் அறைக்குள் ஓடிவிடும். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் இல்லாததால் இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் சமமாகப் பயன்படும். விசையை இழுத்ததற்கும் ஊசி அடிப்பதற்கும் இடைப்பட்ட நேரமும் மிகக் குறைவு.

வாங்கிக்கொள்ளுமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது குழலின் உட்புறம். 1920-களின் கடைசியில் துரு ஏற்படுத்தாத கேப் மருந்து வரும்வரை, சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத குழலெல்லாம் உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிந்துவிட்டது. மெல்லிய குழிகள் இருந்தாலும் சுடும்; ஆழமாக இருந்தால் ஈயம் படிந்து, குண்டுகள் இலக்கில் நெருங்கி விழாமல் சிதறும். அந்தக் காலத்திலேயே பர்மிங்ஹாமில் பார்க்கர் நிறுவனத்தார் தேய்ந்த குழலுக்குள் புதிய உள்குழல் செருகிக் கொடுத்தார்கள். சில சேகரிப்பாளர்கள் அதைக் குறையாக எண்ணுகிறார்கள். எனக்கு அது ரைஃபிளைத் தொடர்ந்து சுட விரும்பிய ஒருவரின் அக்கறையாகவே படுகிறது. இரண்டாவது, தோட்டா அறையின் முன்பகுதி. .22 ஷார்ட்டை ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தால், அதன் வாய் முடியும் இடத்தில் ஒரு வளையம் அரித்திருக்கும். பிறகு நீளமான தோட்டாவின் கூடு அதில் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். மூன்றாவது, அறையின் பின் விளிம்பில் ஊசி பட்ட பள்ளம். உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால், பெரும்பாலான பழைய ரிம்ஃபயர்களில் ஊசி எஃகு விளிம்பையே அடிக்கும். இளமையில் ஒரு ஸ்டீவன்ஸ் ஃபேவரிட்டை இப்படி மாலை முழுவதும் வெறுமனே இழுத்துப் பயிற்சி செய்து, அதன் அறை விளிம்பில் ஒரு பிறைவடிவப் பள்ளம் விழச் செய்தவன் நான்; சுட்ட கூடுகள் அதில் சிக்கத் தொடங்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. பயிற்சி வேண்டுமானால் சுட்ட பழைய கூட்டை அறைக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் சற்றே திருப்பிக்கொள்ளுங்கள்.

தோட்டாவைப் பொறுத்தவரை, "ஹை வெலாசிட்டி" என்று எழுதிய பெட்டியைத் தொட வேண்டாம். அந்த வேகத் தோட்டாக்கள் 1930 வாக்கில் வந்தவை. உங்கள் ரைஃபிள் அதற்கு மூத்தது. நொடிக்கு 1,050 முதல் 1,080 அடி வரை போகும் ஸ்டாண்டர்ட் தோட்டாக்கள்தாம் அதற்கு ஏற்றவை. குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழேயே பயணம் செய்வதால், ஒலித்தடையைக் கடந்து இறங்கும்போது ஏற்படும் ஆட்டம் அதற்கு இல்லை. இலக்குச் சுடுவோர் எல்லோரும் இதனாலேயே வேகத்தை விட்டுவிட்டார்கள். ஈலி, லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். ஆகிய மூன்று நிறுவனங்களின் தோட்டாக்களிலும் விலை குறைந்த வகையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி வாங்கி, மணல் பையின்மேல் ரைஃபிளை வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டா பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்லும்; விலை சொல்லாது. ஒரு வகையை மாற்றினால், குழலில் முந்திய மெழுகு போய்ப் புதிய மெழுகு படியும்வரை முதல் பத்துப் பதினைந்து தோட்டாக்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பிடித்தது கிடைத்ததும் பெட்டியின் உட்புற மடலில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஆண்டுக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த தொகுதி, பெயர் ஒன்றாக இருந்தாலும், அதே இடத்தில் விழும் என்று எண்ண முடியாது.

சுட்ட பிறகு வாய்ப்பக்கமிருந்து எஃகுத் தண்டை விட்டுத் துடைக்காதீர்கள். மார்ட்டினிகளில் துல்லியம் கெட்டுப்போனதற்கு அந்தத் தண்டு வாய் விளிம்பைத் தேய்த்ததே பெரும்பாலும் காரணம். உள்ளமைப்பை இறக்கிவிட்டு, முனையில் துணி கட்டிய நூல்கயிற்றை அறைப்பக்கமிருந்து விட்டு வாய்வழியாக இழுத்தால் போதும். அதையும் மாதம் ஒரு முறைக்குமேல் செய்யத் தேவையில்லை. பெரியவரிடமிருந்து வாங்கும்போது அவர் பொருத்தியிருக்கும் பார்க்கர்–ஹேல் பின்குறியையும் (கண்ணருகே இருந்து குறிபார்க்க உதவும் கருவி) சேர்த்துக் கேளுங்கள். அதன் திருகுகளில் எந்தத் தூரத்துக்கு எத்தனை சொடுக்கு என்று அவர் எங்காவது ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருப்பார், அந்தத் தாளையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.